உருக்கப்பட்ட டாலர்கள்

அமெரிக்காவில் பழைய வெள்ளி நாணயங்களைச் சேர்ப்போர் அனேகர். அவர்களில் பலருக்கு 'மார்கன் டாலர்' மீதுதான் முதல் மோகம். ஜார்ஜ் மார்கன் என்னும் சிற்பி அமைத்த நாணயமாதலால் அதற்கு அந்தப் பெயர். ஒரு புறம் சுதந்திர தேவியின் முகம். மறு புறம் சிறகு விரித்த கழுகு. 1878 முதல் 1904 வரையிலும், பிறகு 1921-லும் அது அடிக்கப்பட்டது. எடை 26.73 கிராம், அதில் பத்தில் ஒன்பது பங்கு வெள்ளி. ஒரு தோலா எடையுள்ள நம் பழைய வெள்ளி ரூபாயோடு கணக்கிட்டால், ஒரு டாலரிலுள்ள சுத்த வெள்ளி சரியாக இரண்டே கால் ரூபாயிலுள்ள வெள்ளிக்குச் சமமாகும். இந்த இரண்டே காலை நேயர்கள் சற்று ஞாபகத்தில் வைத்திருக்க வேண்டும்.

டாலர் எந்த ஊரில் பிறந்தது என்பதை அறிய, கழுகுக்குக் கீழே இலை வளையத்தின் அடியில் ஓர் எழுத்தைத் தேட வேண்டும். 'எஸ்' என்றால் ஸான் பிரான்ஸிஸ்கோ. 'ஓ' என்றால் நியூ ஆர்லியன்ஸ். இரண்டு 'ஸி' இருந்தால் நெவாடா மாகாணத்துக் கார்ஸன் ஸிட்டி. எழுத்தே இல்லாவிட்டால் பிலடெல்பியா. ஊரும் வருஷமும் தெரிந்த பிறகு, அவ்வருஷம் அங்கே எத்தனை அடித்தார்கள் என்று புஸ்தகத்தைப் புரட்டி விலை மதிக்கலாம் என்று புதிதாகச் சேர்ப்பவர் நினைப்பார். ஏமாந்தும் போவார். 1895-ஆம் வருஷத்தில் பிலடெல்பியாவில் சாதாரண டாலர் 12,000-மும், சேகரிப்போருக்கென்று மெருகிட்ட டாலர் 880-ம் அடித்ததாகச் சாலையின் கணக்கு கூறுகிறது. மெருகிட்டவற்றில் பல இன்னும் இருக்கின்றன. அந்தப் பன்னிரண்டாயிரத்திலோ, ஐயத்துக்கு இடமில்லாத ஒன்றைக்கூட இதுவரை யாரும் காட்டவில்லை!

அது வெறும் ஏட்டுக் கணக்கு என்பார் ஒரு சாரார். மற்றொரு சாரார் உருக்கு உலையைக் காட்டுவார்கள். அந்த உலை மூட்டப்பட்டதற்குக் காரணம் நம்முடைய தேசந்தான்.

1914-இல் மூண்ட மகா யுத்தத்தின்போது பிரிட்டிஷார் யுத்தத் தேவைகளுக்காக இந்தியாவில் தானியமும் சணலும் தோலும் ஏராளமாக வாங்கினார்கள். அவற்றுக்கு விலையாகக் கொடுக்க ரூபாய் வேண்டும். ரூபாய்க்கு வெள்ளி வேண்டும். வெள்ளியின் விலையோ ஏறிக்கொண்டே போயிற்று. 1917 கடைசியில் ஒரு ரூபாய் நோட்டை வெளியிட்டுப் பார்த்தார்கள். 1918 வசந்தத்தில் ஜெர்மானியர் பிரான்ஸில் முன்னேறிவரும் செய்தி பரவியதும், பம்பாயிலும் பிற இடங்களிலும் ஜனங்கள் நோட்டைக் கொடுத்து வெள்ளி கேட்கத் திரண்டனர். கேட்டவுடன் தருவதாக நோட்டிலேயே சர்க்கார் வாக்குக் கொடுத்திருந்தார்கள். கஜானாவிலோ வெள்ளி வற்றிக்கொண்டிருந்தது.

வெள்ளியைப் பதுக்கிவைப்பது இந்தியரின் அறியாமை என்று அந்நியர் ஏளனம் செய்வது வழக்கம். இதில் எனக்கு அறியாமை எதுவும் தென்படவில்லை. தன்னைக் கேளாமல் தொடங்கிய யுத்தத்துக்கு விளைபொருளைக் கொடுத்த குடியானவன், காகிதத்துக்குப் பதிலாக, தோற்றுவிடக்கூடிய சர்க்காரின் முத்திரை அழிந்தாலும் மதிப்பு அழியாத பொருளைக் கேட்டான். வாக்கை நிறைவேற்று என்றுதானே கேட்டான்?

பிரிட்டிஷார் அமெரிக்காவிடம் போனார்கள். அங்கே கஜானாவில் வெள்ளி டாலர்கள் மூட்டை மூட்டையாகத் தூங்கிக்கொண்டிருந்தன. நெவாடா ஸெனேட்டர் கீ பிட்மன் கொண்டுவந்த மசோதா 1918 ஏப்ரல் 23-ஆம் தேதி சட்டமாயிற்று. அதன்படி உருக்கப்பட்ட டாலர்கள் 27,02,32,722. இவற்றில் 25,91,21,554 டாலர்களின் வெள்ளி, இந்தியாவின் பொருட்டு, அவுன்ஸ் ஒரு டாலர் விலையில் பிரிட்டிஷாருக்கு விற்கப்பட்டது. இப்போது அந்த இரண்டே காலால் பெருக்கிப் பார்க்கலாம்: ஏறக்குறைய 58 கோடி ரூபாய்க்கு வேண்டிய வெள்ளி!

உருக்கியவர்கள் எந்த வருஷத்து டாலர், எந்த ஊர் டாலர் என்று குறித்துவைக்கவில்லை. ஆகவே பழைய கணக்குப் புஸ்தகமெல்லாம் ஊகமாகிவிட்டது. 1903-ஆம் வருஷத்து நியூ ஆர்லியன்ஸ் டாலர் அநேகமாக முழுவதும் உருகிப்போயிற்று என்று நம்பி, புத்தம் புதிய ஒன்றுக்கு ஆயிரம் டாலருக்கு மேல் மதிப்புச் சொல்லி வந்தார்கள். 1962-இன் கடைசியில் கஜானாப் பெட்டகம் ஒன்றிலிருந்து அந்த நாணயங்கள் மூட்டைகளாக வெளிவந்தன. விலை சில நாளில் அதலபாதாளத்தில் விழுந்தது. முதல் நாள் வாங்கியவரின் நிலையை நேயர்களே ஊகித்துக்கொள்ளலாம்.

பிட்மன் தம் மாகாணத்துச் சுரங்கக்காரர்களை மறந்துவிடவில்லை. உருக்கிய அளவுக்கு உள்நாட்டு வெள்ளியை அவுன்ஸ் ஒரு டாலருக்கே வாங்கி மறுபடி டாலர் அடிக்க வேண்டும் என்பதும் சட்டத்திலேயே இருந்தது. 1921-இல் மார்கன் டாலர் மறு பிறவி எடுத்தது இதனால்தான். ஒரே வருஷத்தில் 8 கோடிக்கு மேல் அடித்தமையால் சேகரத்தைத் தொடங்குவோருக்கு அதுவே மலிவு. போலிகளும் மிகுதி; தராசில் நிறுக்காமல் வாங்கலாகாது. வாங்கியதைப் புளி போட்டுத் தேய்க்கவும் கூடாது. நம் வீட்டுப் பெண்மணிகளுக்கு இது மனம் பொறாத விஷயம் என்பதை அறிவேன். ஆனால் தேய்த்துப் பளபளக்கும் நாணயத்தைச் சேகரிப்போர் ஏறிட்டும் பார்ப்பதில்லை.

மார்கன் டாலர் நம் ஊரில் எளிதில் கிடைப்பதில்லை. அதன் உருகிய வெள்ளி இங்கே இருக்கக்கூடும். 1918, 1919 என்று வருஷம் பொறித்த ஐந்தாம் ஜார்ஜ் ரூபாய்களைக் கல்கத்தாவிலும் பம்பாயிலும் கோடிக் கணக்கில் அடித்தார்கள். பாட்டியின் பெட்டியில் அப்படி ஒன்று கிடைத்தால் பின்புறத்துத் தாமரையைப் பாருங்கள். அதன் அடியில் சிறு புள்ளி இருந்தால் பம்பாய், இல்லாவிட்டால் கல்கத்தா.