மறுபடியும் கேட்பது குற்றமா?

வணிகக் கூட்டமைப்பு ஒன்றிலிருந்து விலகுவதென முடிவெடுத்தபின், அம்முடிவை மறுபடியும் மக்கள் முன் வைக்கலாமா? இந்தக் கேள்வி பிரிட்டனை மூன்றரை ஆண்டுகள் அலைக்கழித்தது. 2016 ஜூன் 23 அன்று வாக்களித்தவர்களில் 51.9 விழுக்காட்டினர் ஐரோப்பிய ஒன்றியத்திலிருந்து வெளியேற விரும்பினர். எப்படி வெளியேறுவது என்பதில் யாருக்கும் உடன்பாடில்லை. தெரேசா மே கொண்டுவந்த ஒப்பந்தத்தை நாடாளுமன்றம் 2019இல் மூன்று முறை நிராகரித்தது. மறுவாக்கெடுப்பு கோரி மக்கள் தெருவில் திரண்டனர். ‘ஒருமுறை சொன்னது போதாதா?’ என்று எதிர்த்தரப்பு சினந்தது. இரண்டாம் வாக்கெடுப்பு நடவாமலே 2020 ஜனவரி 31 அன்று அந்நாடு வெளியேறியது.

தருமபுரிக்காரருக்கு இதில் என்ன வேலை என்று நண்பர்கள் கேட்கக்கூடும். வேலை இருக்கிறது. பதினாறு நாடுகள் 2012 முதல் பேசிவந்த ‘ஆர்செப்’ என்னும் பிராந்தியப் பொருளாதாரக் கூட்டணியிலிருந்து, 2019 நவம்பர் 4 அன்று பாங்காக்கில் இந்தியா விலகிக்கொண்டது. எஞ்சிய பதினைந்து நாடுகள் 2020 நவம்பரில் கையொப்பமிட்டன. 2022 ஜனவரி முதல் ஒப்பந்தம் நடைமுறையில் உள்ளது. இந்தியா விரும்பினால் சேர வாயில் திறந்தே இருக்கிறது. மறுபரிசீலனை செய்யலாம் என 2024 செப்டம்பரில் உலக வங்கி அறிவுறுத்தியது. இந்தியா அதில் இணைந்திருக்க வேண்டும் என்று அதே ஆண்டு நவம்பரில் நிதி ஆயோக்கின் தலைமைச் செயல் அலுவலர் பி.வி.ஆர். சுப்பிரமணியம் கூறினார்.

நியூசிலாந்துப் பால்பொருள்களை அஞ்சிய கறவைமாட்டு விவசாயிகளும் அவர்களுக்காகப் பேசியவர்களும் 2019இல் மகிழ்ந்தனர். அந்த அச்சத்தில் நியாயம் உண்டு. இரண்டு மாடு கட்டிப் பால் ஊற்றிக் குடும்பம் நடத்துபவர், பெரும் மேய்ச்சல் நிலங்களோடு போட்டியிட முடியாது. ஆனால் ‘முடிந்த கதையை மீண்டும் கிளறாதீர்கள்’ என்று அவர்களில் சிலர் இப்போது சொல்வதைத்தான் ஏற்க இயலவில்லை. அக்கதையை முடித்தது நாமல்லவே! டெல்லி தானே எடுத்த முடிவு அது. டெல்லி தானே மாற்றவும் செய்யலாம். மக்களைக் கேட்காமல் கிடைத்த வெற்றி, மக்களைக் கேட்காமலே பறிபோகும்.

பட்டு இதற்கு நல்ல சான்று. கச்சாப் பட்டின் மீதான இறக்குமதி வரி 2011 வரவுசெலவுத் திட்டத்தில் 30 விழுக்காட்டிலிருந்து 5 விழுக்காடாகக் குறைக்கப்பட்டது. இரண்டே ஆண்டுகளில், 2013இல், 15 ஆக உயர்த்தப்பட்டது. தருமபுரி பட்டுக்கூடு அங்காடிக்குக் கூடு கொண்டுவரும் விவசாயிக்கு வரி குறைவது இடி. அதே குறைப்பு, நூல் விலையால் தறியை நிறுத்தும் நிலையிலுள்ள காஞ்சிபுரம் நெசவாளருக்கு மூச்சு. இருவரும் ஏழைகள்; இருவர் சொல்வதும் சரி. இரண்டு முறை முடிவெடுத்தபோதும் இருவரையும் ஒரே அவையில் அமர்த்திக் கேட்டவர் உண்டா?

மறுவாக்கெடுப்புக்கு எதிரான வலுவான வாதம், விரும்பிய விடை வரும்வரை கேட்டுக்கொண்டே இருப்பார்கள் என்பது. 1992இல் மாஸ்ட்ரிக்ட் ஒப்பந்தத்தை மறுத்த டென்மார்க், மறு ஆண்டே ஏற்றது. ஆனால் இடையில் அந்நாட்டுக்குச் சில விலக்குகள் கிடைத்திருந்தன. அதாவது கேள்வியே மாறியிருந்தது. ஐரோப்பியக் கூட்டில் சேரலாமா என்று நார்வே மக்களை 1972இலும் 1994இலும் கேட்டார்கள். இரு முறையும் வேண்டாம் என்றார்கள். இரண்டாம் முறை கேட்டதால் அவர்கள் குடி முழுகிவிடவில்லை. நிபந்தனைகள் மாறினால் மீண்டும் கேட்பது முறை. விடை பிடிக்கவில்லை என்பதற்காக மட்டும் கேட்பது சூது.

ஆனால் நம் நிலை வேறு. பிரிட்டனில் இரண்டாம் முறை கேட்கலாமா என்று வழக்காடினார்கள். நம்மை முதல்முறையே கேட்கவில்லை. இந்திய அரசமைப்பில் நாடு தழுவிய பொதுவாக்கெடுப்புக்கு வழிவகை இல்லை. 1954இல் புதுச்சேரியின் இணைப்பை முடிவுசெய்த கீழூரில்கூட வாக்களித்தவர்கள் 178 பிரதிநிதிகளே. அவர்களில் 170 பேர் ஆதரித்தனர். வேளாண்மை மாநிலப் பட்டியலில் இருக்கிறது. பன்னாட்டு ஒப்பந்தமோ ஒன்றியத்தின் கையில். நாடாளுமன்றத்தின் முன்னொப்புதல்கூட இல்லாமல் கையொப்பமிடலாம் என்பதே நடைமுறை.

ஆம், இல்லை என்ற இரண்டு சொற்களுக்குள் பாலையும் பட்டையும் தக்காளியையும் அடைக்க முடியாது. ஆகவே வாக்குப்பெட்டியே தீர்வு என்று நான் வாதிடவில்லை. கையொப்பத்துக்கு முன் வரைவு தமிழில் வெளியாக வேண்டும். சட்டமன்றம் அதை விவாதிக்க வேண்டும். பாலக்கோட்டிலும் பென்னாகரத்திலும் கிராம சபைகள் கூடும் நாளில், எந்தப் பொருளுக்கு எவ்வளவு வரி குறையும் என்பதை அலுவலர் ஒருவர் படித்துச் சொல்ல வேண்டும். சபையின் தீர்மானம் டெல்லியைக் கட்டுப்படுத்தாது என்பது உண்மையே. ஆயினும் எழுத்தில் பதிந்த மறுப்பைத் தாண்டிச் செல்ல, எந்த அரசும் ஒரு விளக்கமேனும் சொல்லியாக வேண்டும்.

அதன்பின் இந்தியா சேரட்டும், விலகியே நிற்கட்டும். முடிவு நமக்குப் பாதகமாகவும் அமையலாம். ஆனால் அப்போது, நம்மைக் கேட்டார்கள் என்றாவது சொல்ல முடியும்.