வாயிற் சினை காக்கும் மீன்களும் வளர்ப்போர் கடமையும்

மீன் தன் சினையைக் கண்ணால் நோக்கியே பொரிக்கும். ஆமை கரையிலிட்ட முட்டையை நினைந்தே பொரிக்கும். பறவை சிறகால் தழுவிப் பொரிக்கும். இஃது நம் நாட்டார் நெடுங்காலமாகச் சொல்லிவரும் கொள்கை. குருவின் அருள் மாணாக்கன்பால் வருமாற்றை விளக்கச் சமய நூலார் இம்மூன்றனையும் உவமையாக எடுத்தாள்வர். உண்மையிற் கண்ணோக்கினாற் பொரியும் முட்டை யாதுமில்லை. ஆயினும் மீனினத்துட் சில, அவ்வுவமையினும் வியக்கத்தக்க தொன்றைச் செய்கின்றன. அவை சினையைத் தம் வாயினுள்ளே வைத்துக் காக்கின்றன. அத்தகைய மீன்களை வீட்டுக் கண்ணாடித் தொட்டியில் வளர்ப்பார் இந்நாளிற் பலர். தாயின் வாயினின்றும் சினையைப் பிரித்துக் கருவியாற் பொரிக்கச் செய்தல் தக்கதோ, தாயிடமே விட்டுவைத்தல் தக்கதோ என்பது அவர்க்குள் ஓயாத வழக்கு. அதுபற்றி எம் கருத்தை ஈண்டுக் கூறப் புகுந்தனம்.

இம்மீன்கள் சிக்லிட் என்னும் குடும்பத்தைச் சார்ந்தன. ஆப்பிரிக்காவிலுள்ள மலாவி, தாங்கானிக்கா, விக்டோரியா என்னும் மூன்று பேரேரிகள் இவற்றுக்குப் பேர்போனவை. எம் வீட்டுத் தொட்டியிலுள்ளவை மலாவி ஏரிக்குரிய லாபிடோக்ரோமிஸ் கெருலியஸ் என்னும் இனம். மேனி மஞ்சள் நிறம், முதுகுத் துடுப்பிற் கருங்கோடு. பெண்மீன் சினையிட்டவுடன் திரும்பி அதனைத் தன் வாயிற் கொள்ளும். ஆண்மீனின் வயிற்றின் பின்பகுதியிலுள்ள துடுப்பில் முட்டையை ஒத்த புள்ளிகள் உள்ளன. பெண்மீன் அப்புள்ளிகளை நாடி வாய்திறக்கும்போது ஆண்மீனின் விந்து உட்புக, வாயினுள்ளேயே சினை கருக்கொள்ளும். இப்புள்ளிகளின் பயனை ஜெர்மானிய அறிஞராகிய வோல்ப்காங் விக்லர் 1962-ஆம் ஆண்டில் எடுத்து விளக்கினார்.

அன்று தொட்டு மூன்று வாரங்களும் அதற்கு மேலும் தாய்மீன் ஏறக்குறைய உணவின்றி வாழ்கின்றது. அதன் தொண்டை வீங்கித் தோன்றும். சினைகளை அடிக்கடி வாயினுள்ளே புரட்டிப் புதுநீர் படுமாறு செய்துகொண்டேயிருக்கும். ஒரு வாரத்தளவில் முட்டை பொரிந்த பின்னரும் குஞ்சுகளை வெளிவிடாது, அவற்றின் வயிற்றிலுள்ள மஞ்சட்கரு கரைந்து அவை நீந்த வல்லனவாகும் வரையிற் காக்கும். யோனா தீர்க்கதரிசி மீனின் வயிற்றிலிருந்தது மூன்று நாள். இக்குஞ்சுகளோ தாயின் வாயில் மூன்று வாரம் தங்கிக் கேடின்றி வெளிவருகின்றன.

சினையைப் பிரித்தெடுப்பார் கூறும் காரணங்களைப் புறக்கணித்தல் நேர்மையன்று. தாய் பட்டினியால் மெலிகின்றது என்பர். முதன்முறை சினை கொண்ட மீன் அஞ்சியோ அறியாமையாலோ அதனை விழுங்கிவிடும் என்பர். பல மீன்கள் வாழும் தொட்டியிற் குஞ்சுகள் வெளிவந்தவுடனே ஏனைய மீன்களுக்கு இரையாகும் என்பர். இவை மூன்றும் மெய்யே. ஆதலின் அவர் தாயை ஈரக்கையாற் பற்றித் தலைகீழாகச் சாய்த்து, வாயை மெல்லத் திறந்து, சினையை நீரில் உதிர்க்கின்றனர். பின்பு அதனை ஒரு குழாயிலிட்டுக் காற்றுப் பம்பினால் நீரோட்டம் உண்டாக்கி ஓயாது அசையச் செய்கின்றனர். தாயின் வாய் செய்யும் தொழிலைக் கருவி செய்யும் என்பது அவர் நம்பிக்கை.

யாமும் அவ்வாறே நம்பினேம். எம் தொட்டியில் ஒரு தாய் சினை கொண்ட நான்காம் நாள் அதனைப் பிடித்து 22 முட்டைகளைப் பிரித்தெடுத்தேம். எண்ணிப் பார்த்த அப்பொழுது எமக்குண்டான பெருமிதத்தை இன்று நினைக்க நாணுகின்றோம். மறுநாளே ஐந்து முட்டைகள் வெளுத்துப் பூஞ்சை படர்ந்தன. அவற்றை நீக்கி, நீரில் மெதிலீன் நீலம் சில துளிகள் விட்டேம். மூன்றாம் இரவு மின்னோட்டம் நின்றுபோயிற்று. யாம் உறங்கிவிட்டேம். விடியலிற் பார்த்தபோது முட்டைகளெல்லாம் அடியிற் குவிந்து கிடந்தன. பொரிந்தவை மூன்றே, அவையும் பிழைத்தில. தாயோ தொட்டியின் மூலையிற் சின்னாட்கள் ஒடுங்கியிருந்தது. அதன் உள்ளத்து நிகழ்ந்தது யாதென யாம் அறியோம். எம் உள்ளத்து நிகழ்ந்ததை அறிவோம்.

அத்தாயை இரண்டு திங்கள் தனியே வைத்து நன்கு உணவூட்டினேம். அது மீண்டும் சினை கொண்டபோது தீண்டாது விட்டேம். பதினேழாம் நாளிரவு, விளக்கை அணைத்து, வலையிற் பிடியாமல் ஒரு பெரிய பாத்திரத்தால் நீரோடு முகந்து, உடைந்த மண்சட்டியின் மறைவுள்ள வேறொரு தொட்டியில் விட்டேம். இருபத்துநான்காம் நாட் காலையில் 16 குஞ்சுகள் சட்டியோட்டின் கீழ் நீந்தக் கண்டேம். தாயைப் பழைய தொட்டிக்கு மாற்றி, குஞ்சுகளுக்கு ஆர்ட்டீமியாவின் இளங்குஞ்சுகளையும் பொடித்த உணவையும் இட்டு வளர்த்தேம்.

இருமுறை கண்டதைக் கொண்டு விதி வகுத்தல் ஆகாது. கைதேர்ந்தோர் கருவியால் நூறு முட்டைகளையும் பொரிக்கவல்லர் என்பதை யாம் மறுக்கிலேம். ஆயினும் கருவியாற் செய்தற்கரியன சில உள. தாங்கானிக்கா ஏரியில் வாழும் ட்ரோபியஸ் என்னும் இனத்தின் தாய், குஞ்சுகள் வாயிலிருக்கும்போதே இரை கொண்டு அவற்றையும் ஊட்டுகின்றது என ஆராய்ச்சியாளர் கண்டுள்ளனர். எந்தக் குழாய் ஊட்டும்? இனித் தாயின் பட்டினி என்பதை நோக்குவோம். அதனைத் தாங்கும் உடலமைப்பு அம்மீனுக்கு இயல்பில் அமைந்ததே. தாய் நலிவது பெரும்பாலும் ஓய்வின்றி அடுத்தடுத்துச் சினை கொள்ளும்படி நாம் விடுவதனாலாம். நம் பிழையைத் தாயின் குறையாகக் காட்டி, அதன்மேற் சினையைப் பறித்தல் நியாயமாகுமோ?

இனி, விலக்குகளும் உண்டு. தாய் நோயுற்றாலும், இறக்கும் நிலையிலிருந்தாலும், பலமுறை சினையை விழுங்கியதாயினும் பிரித்தெடுத்தல் தகும். உணவுக்காகத் திலேப்பியா வளர்க்கும் பண்ணைகளிற் சினையை வாங்கிச் சாடிகளிற் பொரிக்கச் செய்கின்றனர். அது பலர் பசி தீர்க்கும் தொழில். விக்டோரியா ஏரியில் 1950-ஆம் ஆண்டுகளில் நைல் பெர்ச் என்னும் பெருமீனை விட்டனர். பின்னர் ஆங்கிருந்த சிக்லிட் இனங்கள் பல அழிந்தன. எஞ்சியவற்றுட் சில மனிதர் தொட்டிகளிலே காக்கப்படுகின்றன. அத்தகைய இனத்தின் ஒரு முட்டையும் வீண்போகாமற் காக்கக் கருவி வேண்டுமாயின் அதுவும் அறமே. ஆனால் நம்மனோர் வீட்டில் வளர்ப்பது உணவுக்கன்று. அழியும் இனத்தைக் காத்தற்குமன்று. குஞ்சுகளின் தொகையைப் பெருக்கிப் பெருமை பேசுதற்கும், கடையில் விற்றற்குமே நாம் அவசரப்படுகின்றோம்.

தொகை பெருகினால் வருவதென்ன? தொட்டி கொள்ளாத மீன்களைச் சிலர் குளத்திலும் வாய்க்காலிலும் விட்டுவிடுகின்றனர். நம் நாட்டார் ஜிலேபிக் கெண்டை என வழங்கும் மொசாம்பிக் திலேப்பியா இக்குடும்பத்ததே. அதுவும் வாயிற் சினை காப்பதே. 1952-ஆம் ஆண்டில் உணவுக்கென இந்தியாவுக்குக் கொணரப்பெற்ற அம்மீன் இன்று நம் ஏரி குளங்களெங்கும் மலிந்து, நாட்டு மீன்களுக்கு இடையூறாய் நிற்கின்றது. உலகில் மிகக் கேடு விளைக்கும் நூறு அயலுயிர்களின் பட்டியலில் அதன் பெயரும் உண்டு. குஞ்சுகளை வாயிற் காக்கும் வழக்கமே அது விரைந்து பரவுதற்குத் துணைசெய்தவற்றுள் ஒன்று. ஆதலின் வளர்க்க இடமுள்ள அளவிற் பொரிக்கச் செய்தலும், மிக்கவற்றை நீர்நிலைகளில் விடாமையும் நம் கடமையாம்.

பெற்ற குட்டிகளையே உண்ணும் முதலையின் அன்பின்மையைச் சங்கப் புலவர் பாடினர். சினையை விழுங்கிய மீனை அம்முதலையோடு ஒருங்கு வைத்துப் பழிப்பார்க்கு யாம் கூறுவது ஒன்றே. தொட்டியின் முன் விரலால் தட்டாதீர். பகலில் வலை வீசாதீர். சினை கொண்ட தாய்க்கு ஒரு மறைவிடம் கொடுப்பீர். மூன்று வாரம் பொறுப்பீர். அதன்பின் அது விழுங்கின் பழிக்கலாம்.

எம் தொட்டியில் அத்தாய் இப்பொழுது மூன்றாம் முறை சினை கொண்டுள்ளது. இன்று பதினொன்றாம் நாள். உள்ளே எத்தனை முட்டைகள் உள என நண்பர் வினவுகின்றனர். யாம் எண்ணவில்லை.