போஸ்டருக்கு அடியில்

திருமயம் பக்கம் ஒரு கிராமத்து ரோடு. பைக்கில் போய் இடுப்பு கழன்று, டீக்கடையில் ஒதுங்கினேன். ஜல்லி ஏற்றிய டிப்பர் ஒன்று ஆடி ஆடிப் போயிற்று. (நம்ம மாவட்டத்துக் கல் எந்த ஊர் ரோட்டுக்கோ!)

"தீபாவளி வரைக்கும் நல்லாத்தான் தம்பி இருந்துச்சு. ஆறு மாசத்துல இப்படி!" என்றார் கடைக்காரர்.

இருந்திருக்கும். அமெரிக்காவில் இல்லினாய் மாநிலத்தில் 1958 முதல் 1960 வரை லாரிகளை ஓட்டு ஓட்டென்று ஓட்டிப் பார்த்து ஒரு கணக்குச் சொன்னார்கள்: அச்சு மேல் பாரம் இரண்டு மடங்கானால் ரோட்டுக்குச் சேதம் சுமார் 16 மடங்கு! உங்க பைக்கெல்லாம் ரோட்டுக்குக் கொசு.

அதைவிடப் பெரிய எமன் தண்ணீர். ஐப்பசி மழை விரிசல் வழியே இறங்கி, அடியில் இருக்கும் ஜல்லியை இளக்கிவிடும். அடுத்த டிப்பருக்குப் பள்ளம் ரெடி. விரிசலாக இருக்கும்போதே தார் ஊற்றி அடைத்து, ஓரத்து மண்ணை வெட்டித் தண்ணீருக்கு வழி விட்டால் செலவு சில்லறைதான்.

யார் செய்வது? 2000-ல் வந்த பிரதமர் கிராமச் சாலைத் திட்டத்தில் போட்ட ரோடு என்றால், போட்ட காண்டிராக்டரே ஐந்து வருஷம் பராமரிக்க வேண்டும். எந்த வருஷத்துக்கு எவ்வளவு பணம் என்று ரோட்டோரப் போர்டிலேயே எழுதியிருக்கும். நின்று படிப்பவர்தான் இல்லை.

"இங்க அந்த மாதிரி போர்டு இருக்காண்ணே?"

"அந்தா, காதுகுத்து போஸ்டருக்கு அடியில."

பைக் சாவியால் சுரண்டிப் பார்த்தேன். ஐந்து வருஷக் கெடு போன மாசம்தான் முடிந்திருந்தது.

சொன்னேன். கடைக்காரர் டீ ஆற்றுவதை நிறுத்தினார்.

"அப்ப காது குத்துனது எங்களுக்குத்தானா தம்பி?"