கடைசித் தவணையும் நிறைவுச் சான்றும்

வீடு கட்டக் கடன் கேட்டு வரும் வாடிக்கையாளரிடம் நாம் முதலில் கேட்பது வருமானச் சான்று. அடுத்துக் கேட்பது, உரிய அமைப்பின் ஒப்புதல் பெற்ற கட்டட வரைபடம். முதற்கேள்விக்கு எவரும் முகம் சுளிப்பதில்லை. இரண்டாவது கேள்விக்குத்தான், "மனை என் பெயரில் இருக்கிறது, பத்திரத்தில் வில்லங்கம் இல்லை, பிறகு வரைபடம் எதற்கு?" என்ற எதிர்க்கேள்வி எழுகிறது. தில்லியில் இதனோடு இன்னொன்றும் சேர்ந்துகொள்ளும்: "இந்தத் தெருவில் வரைபடத்தின்படி கட்டியவர் எத்தனை பேர், சார்?"

முதல் கேள்விக்கு விடை எளிது. மனை ஒருவருடையதாயினும் அவர் எழுப்பும் சுவர் அண்டை வீட்டாரின் காற்றையும் வெளிச்சத்தையும், தெருவின் கழிவுநீர்க் குழாயையும், தீயணைப்பு வண்டி நுழையும் வழியையும் தொடுகிறது. 2010 நவம்பர் 15 அன்று கிழக்குத் தில்லியின் லட்சுமி நகரை அடுத்த லலிதா பார்க்கில் ஐந்து மாடிக் குடியிருப்பு ஒன்று சரிந்து ஏறத்தாழ 70 பேர் மாண்டனர். அடித்தளம் தாங்கும் அளவை எண்ணாமல் தளத்தின்மேல் தளம் ஏற்றியதன் விலை அது. இரண்டாவது கேள்விக்கு மறுமொழி சொல்வது அவ்வளவு எளிதன்று. ஏனெனில் அதில் உண்மை இருக்கிறது. அந்த உண்மையை ஒப்புக்கொண்டே நம் கருத்தைச் சொல்ல விரும்புகிறோம்.

வங்கிகள் வரைபடம் கேட்பது அவற்றின் விருப்பத்தால் விளைந்த வழக்கமன்று. அதன் பிறப்பிடம் தில்லியேதான். 2006ஆம் ஆண்டு தலைநகரின் கட்டட வரலாற்றில் கொந்தளிப்பான ஆண்டு. குடியிருப்புப் பகுதிகளில் இயங்கிய கடைகளுக்கு முத்திரை வைக்க உச்ச நீதிமன்றம் ஆணையிட்டதும், வணிகர்கள் தெருவில் இறங்கியதும் அவ்வாண்டில்தான். அதே ஆண்டில், கல்யாண் சன்ஸ்தா என்ற சமூக நல அமைப்பு தொடுத்த வழக்கில், விதிமீறிய கட்டடங்களுக்குப் பணம் எங்கிருந்து வருகிறது என்பதும் தில்லி உயர் நீதிமன்றத்தின் கவனத்துக்கு வந்தது. அவ்வழக்கின் வழிவந்த நெறிமுறைகளை 2006 நவம்பரில் ரிசர்வ் வங்கி எல்லா வங்கிகளுக்கும் அனுப்பியது. கடன் கேட்பவர் பெயரிலேயே ஒப்புதல் பெற்ற வரைபடம் வேண்டும். அதனை மீறமாட்டேன் என்றும், பணி முடிந்த மூன்று மாதங்களுக்குள் நிறைவுச் சான்று பெறுவேன் என்றும் அவர் உறுதிமொழிப் பத்திரம் தரவேண்டும். தவறினால் முழுக் கடனையும் வட்டியோடு திரும்பக் கேட்க வங்கிக்கு உரிமை உண்டு. வங்கி அமர்த்தும் கட்டடக் கலைஞர், பணியின் ஒவ்வொரு கட்டத்திலும் அது வரைபடத்தின்படியே நடக்கிறது எனச் சான்றளிக்க வேண்டும். முறைப்படுத்தப்படாத அங்கீகாரமற்ற குடியிருப்புகளில் கடனே தரலாகாது.

இவற்றுள் முதல் இரண்டையும் வங்கிகள் கண்டிப்பாகக் கேட்கின்றன. மூன்றாவதைத்தான் நாம் சடங்காக்கிவிட்டோம் என்பது நம் குற்றச்சாட்டு. அதை விளக்குமுன் விதிகளின் கணக்கைச் சிறிது பார்த்துவிடலாம்.

தில்லியில் மனை கஜத்தில் விற்கப்படுகிறது. விதிகளோ சதுர மீட்டரில் எழுதப்பட்டுள்ளன. தமிழ்நாட்டிலிருந்து வந்து குடியேறியவரின் மனத்தில் இன்னமும் கிரவுண்டுதான் இருக்கும். ஒரு கிரவுண்டு என்பது 2,400 சதுர அடி. அதாவது 223 சதுர மீட்டர், ஏறத்தாழ 267 சதுர கஜம். இந்த மாற்றுக் கணக்கைச் செய்யாமல் கட்டட ஒப்பந்தக்காரரின் வாய்க்கணக்கை நம்புவதிலிருந்தே பல தொல்லைகள் தொடங்குகின்றன.

10 மீட்டர் அகலமும் 20 மீட்டர் நீளமும் உள்ள மனையை எடுத்துக்கொள்வோம். பரப்பு 200 சதுர மீட்டர். 2021ஆம் ஆண்டுக்கான தில்லிப் பெருந்திட்டத்தின்படி 100 முதல் 250 சதுர மீட்டர் வரையிலான மனையில் 75 விழுக்காட்டு நிலத்தின்மீதுதான் கட்டடம் எழலாம். எனவே 150 சதுர மீட்டர் கட்டடத்துக்கு. 50 சதுர மீட்டர் வானத்துக்கு. முன்புறம் 3 மீட்டரும் பின்புறம் 2 மீட்டரும் விட்டால் அந்த 50 சரியாக அமைந்துவிடும். எல்லாத் தளங்களும் சேர்ந்து மனையின் பரப்பைப்போல் மூன்று மடங்குக்கு, அதாவது 600 சதுர மீட்டருக்கு, மேற்படலாகாது. 600ஐ 150ஆல் வகுத்தால் நான்கு. தில்லித் தெருக்களில் தூண் தளத்தின்மேல் நான்கு மாடி என்ற வடிவம் ஏன் திரும்பத் திரும்பத் தென்படுகிறது என்பதன் விடை இந்த வகுத்தலில் இருக்கிறது. வண்டி நிறுத்துவதற்கான தூண் தளம் கணக்கில் சேராது. அதோடு சேர்த்து உயரம் 17.5 மீட்டர் வரை செல்லலாம். அந்தத் தூண்களுக்கு நடுவே சுவர் எழுப்பிக் காவலாளிக்கு ஓர் அறை, தையற்காரருக்கு ஒரு கடை என்று அமைத்தால் அதுவும் கணக்கில் ஏறிவிடும், 600 உடைந்துவிடும். ஐந்தாவது மாடிக்கு இந்தக் கணக்கில் இடமே இல்லை. எவ்வளவு செல்வாக்குள்ள தரகர் சொன்னாலும் இல்லை.

இப்போது நாம் முன்பு பணியாற்றிய கிளை ஒன்றில் நடந்ததைச் சொல்லியாக வேண்டும். மத்திய அரசுப் பணியில் முப்பதாண்டுகள் தலைநகரில் கழித்து ஓய்வு பெற்ற தமிழர் ஒருவர், ஏறத்தாழ மேற்சொன்ன அளவுள்ள தம் மனையில் மூன்று தளங்கள் கட்டக் கடன் பெற்றார். வரைபடம் முறைப்படி ஒப்புதல் பெற்றிருந்தது. உறுதிமொழிப் பத்திரத்தில் ஒவ்வொரு வரியையும் படித்த பின்னரே கையெழுத்திட்டார். அடித்தளம் எழுந்தபின் ஒப்பந்தக்காரர் ஒரு யோசனை சொன்னார். பின்புறம் வெறுமனே கிடக்கும் இடத்தில் நான்கடி நீட்டினால் ஒவ்வொரு தளத்திலும் சமையலறை பெரிதாகும். பக்கத்து வீட்டில் அப்படித்தான் செய்திருக்கிறார்கள். பெரியவர் தயங்கினார், பின் இசைந்தார்.

நான்கடி என்றால் 1.2 மீட்டர். 10 மீட்டர் அகலத்துக்கு அது தளத்துக்கு 12 சதுர மீட்டர். 75 விழுக்காடு 81 ஆயிற்று.

மூன்று கட்டங்களில் நாம் பணம் விடுவித்தோம். மூன்று கட்டங்களுக்கும் கட்டடக் கலைஞரின் அறிக்கை கோப்பில் இருந்தது. மூன்றிலும் ஒரே வாக்கியம்: 'பணி ஒப்புதல் பெற்ற வரைபடத்தின்படி நடைபெறுகிறது.' கட்டடத்தின் முகப்பைக் காட்டும் நிழற்படம் ஒன்று ஒவ்வொன்றிலும் ஒட்டப்பட்டிருந்தது. பின்புறம் எவரும் போய்ப் பார்க்கவில்லை. அளவுநாடா பையிலிருந்து வெளியே வரவில்லை. அந்த அறிக்கைகளை ஏற்றுக் கையொப்பமிட்டவர்களுள் நாமும் ஒருவர்.

நிறைவுச் சான்று மறுக்கப்பட்டது. அண்டை வீட்டார் ஒருவரின் முறையீட்டின்பேரில் பின்னர் அறிவிப்பும் வந்தது. தில்லி மாநகராட்சிச் சட்டம், 1957இன் 343ஆம் பிரிவு விதிமீறிய பகுதியை இடிக்க ஆணையிடவும், 345ஏ பிரிவு முத்திரை வைக்கவும் அதிகாரம் தருகிறது. மேல்முறையீட்டுக்குத் தீர்ப்பாயமும் உண்டு. சிறு விலகல்களைக் கட்டணம் பெற்று ஏற்றுக்கொள்ளவும் வழியிருக்கிறது. இவருடைய விலகல் அந்த வரம்புக்குள் அடங்கவில்லை. இதற்கிடையே மகனுக்குப் பெங்களூரில் வேலை கிடைக்கவே, வீட்டை விற்றுவிட்டு அங்கே செல்லலாம் என்று குடும்பம் முடிவெடுத்தது. வாங்க வந்தவர் பயானாவும் கொடுத்துவிட்டார். முன்பணத்துக்கு இந்நகரில் வழங்கும் பெயர் அது. அவருடைய வங்கி நிறைவுச் சான்று கேட்டது. பேரம் முறிந்தது, பயானாவைத் திருப்பிக் கொடுக்க வேண்டியதாயிற்று.

உறுதிமொழிப் பத்திரத்தின்படி அன்று நாம் முழுக் கடனையும் திரும்பக் கேட்டிருக்கலாம். கேட்டு என்ன பயன்? விற்க முடியாத வீட்டை வைத்திருக்கும் ஓய்வூதியர் எதைக் கொண்டு அடைப்பார்? அந்த வீட்டை ஏலம் விட்டாலும் அதே குறையோடுதான் விட்டாக வேண்டும். கடனைத் திரும்பக் கேட்கும் உரிமை தாளில் கூரான வாள். கையில் எடுத்தால் கடன் கொடுத்தவரையும் அது வெட்டுகிறது. இறுதியில் அறுபத்தைந்து வயதில் அவர் மூன்று தளங்களிலும் நான்கடியை இடித்தார். மூன்று சமையலறைகளும் மறுபடி கட்டப்பட்டன. ஓய்வூதியப் பயனில் எஞ்சியிருந்த தொகை அதில் கரைந்தது.

அந்த நான்கடி, செங்கல் வரிசை ஒரு முழ உயரம் இருந்தபோதே நின்றிருக்க வேண்டியது. யாரால் நிறுத்தியிருக்க முடியும்? மாநகராட்சி ஆய்வாளரின் பொறுப்பில் ஆயிரக்கணக்கான வீடுகள். ஒப்பந்தக்காரருக்குப் பரப்பு கூடக்கூட வருவாய். ஒவ்வொரு கட்டத்திலும் அந்த வீட்டைப் பார்த்துத் தீரவேண்டிய கடமையும், பார்த்தபின் பணத்தை நிறுத்திவைக்கும் ஆற்றலும் ஒருங்கே உள்ளவர் வங்கியாளர் மட்டுமே. எனவே நம் கருத்து இது: அடித்தள மட்டத்தில் வரைபடத்தோடு நான்கு புறமும் அளந்து, அளவுகளை எண்ணால் எழுதிய அறிக்கை வந்தாலொழிய அடுத்த தவணை விடுவிக்கப்படலாகாது. கூரை மட்டத்திலும் அவ்வாறே. 'வரைபடத்தின்படி நடைபெறுகிறது' என்ற வாக்கியத்தை அறிக்கையாக ஏற்கவே கூடாது. அளவெடுக்கும் கட்டணத்தை வங்கியே ஏற்கலாம். ஒரே ஒரு வாராக் கடனின் வழக்குச் செலவு, இத்தகைய அளவெடுப்புகள் பலவற்றுக்குப் போதும். கடனில் ஒரு சிறு பகுதி, இருபதில் ஒரு பங்கு என்று வைத்துக்கொள்வோம், நிறைவுச் சான்று வரும்வரை வங்கியிடமே இருக்கட்டும்.

வாடகையும் வட்டியும் ஒருசேரச் செலுத்திக்கொண்டிருப்பவருக்கு இது சுமைதானே என்று கேட்கலாம். உண்மைதான். சான்று தாமதமாவதற்கு அவர் காரணமாக இல்லாதபோது தண்டனை அவருக்கு வரலாகாது. அதனால்தான் இருபதில் ஒன்று என்கிறோம். பத்தில் ஒன்று என்றால் வண்ணப்பூச்சும் மின்னிணைப்பும் நின்றுபோகும். சான்றுக்கு விண்ணப்பித்த நாளிலிருந்து அளவறிக்கை வங்கியின் கையில் இருக்குமாதலால், தவறு எவர் பக்கம் என்பதும் தெளிவாக இருக்கும்.

காலமும் இந்தத் திசையிலேயே செல்கிறது. மீரட் நகரின் சாஸ்திரி நகரில் குடியிருப்பு மனையில் எழுந்த கடைகள் பற்றிய வழக்கில், 2024 டிசம்பர் 17 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. நீதிபதி ஜே.பி. பர்திவாலாவுடன் அமர்ந்து அத்தீர்ப்பை எழுதியவர், முன்பு சென்னை உயர் நீதிமன்றத்தில் பணியாற்றிய நீதிபதி ஆர். மகாதேவன். கட்டடத்தை ஈடாகக் கொண்டு கடன் தருமுன் நிறைவுச் சான்றைச் சரிபார்த்தே தரவேண்டும் என்று வங்கிகளுக்கு அது ஆணையிடுகிறது. பணி நடக்கும் இடத்தில் ஒப்புதல் பெற்ற வரைபடத்தை அனைவரும் பார்க்க வைக்க வேண்டும் என்றும் சொல்கிறது. இனி வீட்டை விற்பவரும், வாங்குபவரும், மேற்கடன் கேட்பவரும் அந்தச் சான்றைத் தாண்டிச் செல்வது அரிது.

"பின்னால் முறைப்படுத்திவிடுவார்கள்" என்ற நம்பிக்கை தில்லிவாசிகளிடம் ஆழ வேரூன்றியிருக்கிறது. அதற்குக் காரணமும் உண்டு. 2006இல் ஓராண்டுக்கென வந்த சிறப்புப் பாதுகாப்புச் சட்டம் பல வடிவங்களில் நீண்டு, கடைசியாக 2026 டிசம்பர் 31 வரை நீட்டிக்கப்பட்டுள்ளது. ஆனால் அது குறிப்பிட்ட நாள்களுக்கு முன்பே எழுந்த கட்டடங்களுக்கான நிழல். இன்று வைக்கும் செங்கலுக்கு அதில் இடமில்லை. 2019இல் அங்கீகாரமற்ற குடியிருப்புகளில் வாழ்வோருக்குச் சொத்துரிமை வழங்கச் சட்டம் வந்தது. நிலத்தின்மேல் உரிமை கிடைத்ததாலேயே அதன்மேல் நிற்கும் கட்டடத்துக்கு ஒப்புதல் கிடைத்துவிட்டதாக ஆகாது. இந்த இரண்டையும் குழப்பிக்கொண்டு வருவோர் நம் மேசைக்கு வாரந்தோறும் வருகின்றனர்.

விதிகள் எளிதாகியும் வருகின்றன என்பதைச் சொல்லாவிட்டால் நேர்மையாகாது. 2016இன் ஒருங்கிணைந்த கட்டட விதிகள், தில்லியில் 105 சதுர மீட்டர் வரையிலான, அதாவது ஏறத்தாழ 125 கஜ, வீட்டுமனைகளுக்கு முன் ஒப்புதலுக்காகக் காத்திருக்கும் தேவையை நீக்கின; உறுதிமொழியும் கட்டணமும் செலுத்திப் பணியைத் தொடங்கலாம். தமிழ்நாட்டில் 2024 ஜூலை முதல், 2,500 சதுர அடி மனையில் 3,500 சதுர அடி வரையிலான சிறு வீடுகளுக்குச் சுயசான்று முறையில் உடனடி அனுமதி கிடைக்கிறது. ஊரில் வீடு கட்ட எண்ணும் தில்லித் தமிழர்களுக்கு இது பெரிய வசதி. ஆனால் சுயசான்று என்றால் அளவுகளுக்குப் பொறுப்பு கையெழுத்திட்டவருடையது. இங்கிருந்துகொண்டு, அங்கே மேற்பார்க்கும் உறவினரின் பேச்சை மட்டும் நம்பிக் கட்டுபவர், ஒரு முறையாவது நேரில் சென்று நாடா பிடித்துவிடுவது நல்லது.

ஏற்கெனவே கட்டப்பட்ட தளத்தை வாங்குவோருக்கு ஒரு சொல். பயானா கொடுப்பதற்கு முன்பே வரைபடத்தின் நகலையும் நிறைவுச் சான்றையும் கேட்டுப் பெற்று, எங்கள் கிளைக்கு எடுத்து வாருங்கள். கடன் வாங்காவிட்டாலும் பார்த்துச் சொல்வோம். 2012 முதல் 2022 வரையிலான தாள்களில் தெற்கு, வடக்கு, கிழக்கு என்று மூன்று மாநகராட்சிகளின் பெயர்கள் இருக்கும். அவை 2022 மே மாதத்தில் மீண்டும் ஒன்றாயின. பெயர் வேறுபாடு கண்டு ஐயுற வேண்டியதில்லை. ஐயுற வேண்டியது தளங்களின் எண்ணிக்கையில்தான்.

இடித்துக் கட்டியபின் பெரியவருக்கு நிறைவுச் சான்று கிடைத்தது. அதன்பின் அவர் வீட்டை விற்கவில்லை. சான்றின் நகலொன்றை எடுத்துக்கொண்டு கிளைக்கு வந்தவர், கோப்பைக் கொண்டுவரச் சொல்லி, அந்த மூன்று அறிக்கைகளையும் நிதானமாகப் படித்தார். "இவற்றுக்குப் பின்னால் இதையும் கோத்து வையுங்கள், சார்" என்று மட்டும் சொன்னார். கோத்து வைத்தோம்.