'யெஸ்' சொல்லிவிட்டால் ஏமாற்றியது நியாயமாகிவிடுமா?

தொலைபேசி விற்பனையைச் சட்டத்தால் இறுக்க வேண்டும் என்றதும் மூன்று பதில்கள் வந்து விழுகின்றன. வாடிக்கையாளர் சம்மதித்தார், பதிவு இருக்கிறது. வேண்டாதவர்கள் விளம்பர அழைப்புகளைத் தடுக்கும் டிஎன்டி பதிவேட்டில் பதிந்துகொள்ளட்டும். சட்டம் இறுகினால் தரமணி கால் சென்டர் பிள்ளைகளின் பிழைப்பு போய்விடும். மூன்றுமே பொறுப்பைத் தட்டிக்கழிக்கும் பேச்சு.

அந்தச் சம்மதம் எப்படி வாங்கப்படுகிறது? மயிலாப்பூரில் பென்ஷனில் வாழும் ஒரு பெரியவருக்குப் போன் வருகிறது. "சார், ஐஆர்டிஏலேர்ந்து பேசறோம். உங்க பழைய பாலிசிக்கு போனஸ் நிக்குது. ரிலீஸ் பண்ணணும்னா புதுசா ஒரு பாலிசி போடணும். இன்னிக்குத்தான் கடைசி நாள்." பணம் கட்டியதும் அடுத்த பாடம்: "வெரிஃபிகேஷன் கால் வரும். எது கேட்டாலும் யெஸ்னு மட்டும் சொல்லுங்க. இல்லேன்னா போனஸ் கேன்சல் ஆயிடும்." பிறகு ஆங்கிலத்தில் மடமடவென்று ஒப்பிக்கிறார்கள், அவரும் 'யெஸ்' என்கிறார். 'பதிவு இருக்கிறது' என்பவர்கள் நீட்டும் ஆதாரம் இந்த ஒற்றைச் சொல்தான். பொய் சொன்ன முதல் அழைப்பின் பதிவை யாரும் காட்டுவதில்லை. பாலிசி விற்பதோ போனஸ் அறிவிப்பதோ தன் வேலையல்ல என்று ஐஆர்டிஏ எனப்படும் காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையமே பலமுறை எச்சரித்திருக்கிறது. 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், பிரிவு 2(47)இல், எழுதிய பொய்யோடு வாயால் சொன்ன பொய்யையும் முறையற்ற வணிகம் என்றே சொல்கிறது. பொய் சொல்லி வாங்கியது சம்மதமே அல்ல.

டிஎன்டி பதிவேடு 2007இலிருந்து இருக்கிறது. 140இல் தொடங்கும் எண்ணில் முறையாக அழைப்பவரை அது தடுக்கும். ஏமாற்றுகிறவர் சாதாரண பத்து இலக்க எண்ணிலிருந்து அழைக்கிறார். டிஎன்டி போதுமென்றால், 2025 பிப்ரவரியில் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் தன் விதிகளைத் திருத்தியது எதற்காக? பதிவு செய்யாமல் விளம்பர அழைப்பு விடுப்பவர்மீது பத்து நாளில் ஐந்து புகார் வந்தாலே நடவடிக்கை என்று வரம்பைக் குறைக்க வேண்டி வந்தது ஏன்?

தரமணிப் பிள்ளைகளைக் கேடயமாகப் பிடிப்பதுதான் இந்த வாதத்தின் ஆகக் கேவலமான பகுதி. 2000இல் அங்கே டைடல் பார்க் ஐடி வளாகம் திறந்த பிறகு, வெளியூர்களிலிருந்து வந்து அறை எடுத்துத் தங்கி உழைக்கும் இளைஞர்கள் அவர்கள். ஸ்கிரிப்டை அவர்கள் எழுதுவதில்லை. டார்கெட்டை அவர்கள் வைப்பதில்லை. பொய் சொல்லாதவருக்கு இன்சென்டிவ் இல்லை என்று மாதக் கணக்கை அமைத்துவிட்டு, மாட்டிக்கொண்டால் 'ஏஜென்ட் செய்த தவறு' என்று கைகழுவுவது நிர்வாகம். நிர்வாகத்தைப் பதில் சொல்ல வைக்கும் சட்டம் அந்தப் பிள்ளைகளுக்கும் பாதுகாப்புதான். கேட்காமல் கிரெடிட் கார்டு கொடுத்துக் கட்டணம் போட்டால், அதை ரத்து செய்து இரு மடங்கு அபராதமும் வாடிக்கையாளருக்குத் தர வேண்டும் என்று 2022இல் ரிசர்வ் வங்கி உத்தரவிட்டது. கார்டு வியாபாரம் படுத்துவிடவில்லை.

இன்று ஏமாந்தவர் தான் வசிக்கும் மாவட்டத்து நுகர்வோர் ஆணையத்திலேயே வழக்குப் போடலாம். கொடுத்த பணம் ஐந்து லட்சம் வரை என்றால் கட்டணமும் இல்லை. ஆனால் அது ஏமாந்த பிறகு கிடைக்கும் மருந்து. காப்பீட்டில் பாலிசி கைக்கு வந்து 30 நாளுக்குள் திருப்பித் தரலாம்; ஐரோப்பிய ஒன்றியத்தில் தொலைபேசியில் வாங்கும் பெரும்பாலானவற்றுக்கு 14 நாள் அவகாசம் உண்டு. இங்கும் எல்லாத் தொலைபேசி விற்பனைக்கும் அப்படி ஓர் அவகாசம் வேண்டும். நிபந்தனைகள் வாங்குபவரின் மொழியில் எழுத்தில் வந்து, அவர் எழுத்தில் சம்மதிக்கும்வரை ஒப்பந்தம் செல்லக் கூடாது. முதல் அழைப்பிலிருந்து எல்லாப் பதிவையும் காட்டும் கடமை விற்பவருடையதாக இருக்க வேண்டும். நேர்மையாக விற்கிறவருக்கு இதில் நஷ்டமே இல்லை. எதிர்ப்பவர்கள் எதைக் காப்பாற்ற எதிர்க்கிறார்கள் என்பதை வெளிப்படையாகச் சொல்லட்டும்.