ஆடிப்பிறப்பு வரை நின்று பாருங்கள்



ஒவ்வோர் ஆண்டும் தைப்பொங்கல் கழிந்ததும் எங்களுக்கு வருகிற கடிதங்களில் ஒரு கேள்வி தவறாமல் இருக்கும். ரொறன்ரோவிலிருந்து எழுதுவார்கள், லண்டனிலிருந்தும் பாரிஸிலிருந்தும் எழுதுவார்கள். கொழும்புக் கடையைப் பிள்ளைகளிடம் ஒப்படைத்துவிட்டு ஓய்ந்திருப்பவர்களும் எழுதுவார்கள். எல்லோரும் வேலணை, புங்குடுதீவு, ஊர்காவற்றுறை, நயினாதீவு, நெடுந்தீவு என்று யாழ்ப்பாணத் தீவகத்தில் பிறந்தவர்கள். "வேலையை விட்டாச்சு. பிள்ளையள் தங்கடை பாட்டைப் பாக்கினம். இனி ஊரோடை போய் இருக்கலாமோ?"

கேட்பவர்களில் அனேகர் தை மாதத்தில் வந்து இரண்டு மூன்று கிழமை நின்றுவிட்டுப் போனவர்கள். அப்போது கிணறு முட்டத் தண்ணீர் நிற்கும். வாடைக்காற்று இதமாக இருக்கும். வளவெல்லாம் பச்சை பிடித்திருக்கும். அதைப் பார்த்தபின் மனம் விமானம் ஏற மறுப்பதில் வியப்பில்லை.

என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வாருங்கள். தீவகத்துக்கு ஆட்கள் வேண்டும். ஆனால் விட்டுப்போன ஊர் காத்திருக்கிறது என்று நம்பி வராதீர்கள். முன்பின் தெரியாத ஓர் ஊருக்குக் குடிபோகிறவர் எவ்வளவு விசாரித்து, எவ்வளவு பணிவோடு போவாரோ அப்படி வாருங்கள்.

சென்ற நூற்றாண்டின் முற்பகுதியில் மலாயா றெயில்வேயிலும் அரச கந்தோர்களிலும் வேலை பார்த்த யாழ்ப்பாணத்தார் பலர் பென்சனோடு திரும்பி வந்தார்கள். கல்வீடு கட்டினார்கள், கோயில் திருப்பணி செய்தார்கள், மாலையில் வாசிகசாலைக்குப் போய்ப் பேப்பர் பார்த்தார்கள். அவர்களுக்கு அது சுலபமாகக் கைகூடியது. தமையன் தோட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார், பக்கத்து வளவில் மச்சாள் இருந்தாள், படலையில் நின்று கூப்பிட்டால் நாலு பேர் எட்டிப் பார்த்தார்கள்.

உங்களுக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. 1990இலும் 1991இலும் நடந்த படை நடவடிக்கைகளோடு வேலணை, புங்குடுதீவு, ஊர்காவற்றுறைப் பக்கத்துச் சனம் உடுத்த உடுப்போடு வெளியேறியது. புங்குடுதீவில் பிறந்த கவிஞர் சு. வில்வரத்தினம் அந்த வெறுமையைத்தான் 'காற்றுவெளிக் கிராமம்' என்ற தொகுப்பில் பாடினார். பிறகு திரும்பி வந்து, பற்றை வெட்டி, பாம்பு கலைத்து, இடிந்த சுவருக்குத் தகரம் போட்டு அந்த இடத்தை மறுபடி ஊராக்கியவர்களில் உங்களோடு படித்தவர்கள் மிகச் சிலர். உங்கள் வளவில் கூலிக்கு நின்றவர்களின் பிள்ளைகள் இருக்கிறார்கள், வேறு ஊரிலிருந்து வந்து குடியேறியவர்கள் இருக்கிறார்கள். எந்தக் கிணறு எந்த மாதம் உவர்க்கும், எந்தக் காற்றுக்குப் படகு ஓடாது என்பதெல்லாம் இன்று அவர்களுக்குத்தான் தெரியும். அவர்களிடம் கேட்டுப் பழகத் தயாரா என்பதை வீட்டுப் படம் கீறுவதற்கு முன்பே நீங்கள் யோசிக்க வேண்டும்.

முதலில் தண்ணீர். தீவுகளில் ஆறு கிடையாது. ஐப்பசி தொடக்கம் மார்கழி வரை பெய்கிற மழை சுண்ணக்கல்லுக்குள் இறங்கி, அடியில் கிடக்கும் உப்புநீருக்கு மேலே எண்ணெய்ப் படலம்போல் மிதந்து நிற்கிறது. கடல்மட்டத்துக்கு மேலே நல்ல தண்ணீர் 1 அடி நின்றால், கீழே ஏறத்தாழ 40 அடிக்கு நல்ல தண்ணீர் இருக்கும் என்பது நிலத்தடி நீர் படித்தவர்களின் கணக்கு. அப்படியானால் மேலே 1 அடி வற்றும்போது கீழிருந்து உப்பு 40 அடி ஏறுகிறது. துலாவாலும் வாளியாலும் அள்ளிய காலத்தில் கிணறு ஊறுகிற அளவுக்குத்தான் எடுக்க முடிந்தது. மோட்டருக்கு அந்த அளவு தெரியாது.

புங்குடுதீவில் ஒரு வீட்டைப் பார்த்தேன். இரண்டு மாடி, அறைக்கு ஒரு குளியலறை, கூரையில் இரண்டு பெரிய தாங்கி, ஆளுயரத்துக்கு மேலே மதில். ஆண்டில் பெரும்பகுதி கேற் பூட்டிக் கிடக்கும். ஆவணி விடுமுறைக்குக் குடும்பம் வந்து இறங்கினால் காலையில் தொடங்குகிற மோட்டர் மத்தியானம் வரை நிற்காது. எதிர்வளவு அம்மா கிணற்றடியில் நின்று, வாளித் தண்ணீரை உள்ளங்கையில் ஏந்தி நாக்கில் வைத்துப் பார்த்தார். ஒன்றும் பேசாமல் வாளியை முருங்கையடியில் கவிழ்த்தார். கானை எடுத்துச் சைக்கிளில் கட்டிக்கொண்டு, பவுசர் வந்து ஊற்றுகிற தொட்டிக்குப் புறப்பட்டார். "அவை இன்னும் பத்து நாளிலை போயிடுவினம் தம்பி" என்று எனக்குச் சமாதானம் சொன்னதும் அவர்தான்.

அந்த வீட்டுக்காரர் கெட்டவர் என்று நான் நினைக்கவில்லை. அவருக்கு யாரும் சொல்லவில்லை. அவரும் யாரிடமும் கேட்கவில்லை. இதே புங்குடுதீவில்தான் எழுத்தாளர் மு. தளையசிங்கம், நன்னீர்க் கிணற்றில் எல்லோரும் தண்ணீர் அள்ள வேண்டும் என்று 1970களின் தொடக்கத்தில் சத்தியாக்கிரகம் இருந்தார். 1973இல் அவர் காலமானார். தண்ணீருக்காக மனிதர்கள் அப்படி வருந்திய மண்ணில் ஐந்து குளியலறையோடு வீடு கட்டுவது எனக்குச் சம்மதமில்லை. சிறிய வீடாகக் கட்டுங்கள். கூரையில் விழுகிற மழையைச் சேர்க்கத் தொட்டி கட்டுங்கள். வடமராட்சி கிழக்கில் தாழையடியில் நாளுக்கு 24,000 கனமீற்றர் நன்னீர் தரக்கூடிய கடல்நீர் சுத்திகரிப்பு நிலையம் 2024 ஓகஸ்டில் திறக்கப்பட்டது. அந்தக் குழாய் உங்கள் ஒழுங்கைக்கு எப்போது வரும் என்று விசாரியுங்கள். வந்த பிறகும் மழைத்தொட்டி வேண்டும்.

அடுத்தது உடம்பு. வேலணையும் புங்குடுதீவும் ஊர்காவற்றுறையும் தாம்போதிகளால் யாழ்ப்பாணத்தோடு இணைந்தவை. 1990 என்ற இலக்கத்துக்கு அழைத்தால் இலவச அம்புலன்ஸ் வரும். அந்தச் சேவை வடக்குக்கு வந்தது 2018இல். நாம் ஊரைவிட்டு ஓடிய ஆண்டும் அதே நாலு இலக்கம் என்பதை என்னால் நினைக்காமல் இருக்க முடிவதில்லை. ஆனால் நயினாதீவுக்கோ நெடுந்தீவுக்கோ போகக் கடலைத் தாண்ட வேண்டும். குறிகட்டுவான் இறங்குதுறையிலிருந்து நயினாதீவுக்குப் படகில் கால்மணி நேரம், நெடுந்தீவுக்கு ஒரு மணி நேரம். சோளகம் தூக்கி அடிக்கிற நாளில் இறங்குதுறையில் நின்று கவனியுங்கள். படகு ஏறி இறங்கும், வயதானவர் கையை நீட்டுவார், படகுக்காரப் பொடியன் அவருடைய மணிக்கட்டை இறுகப் பிடித்து, அலை படகை உயர்த்துகிற கணம் பார்த்து ஒரே இழுவையில் உள்ளே எடுப்பான். முழங்கால் வலியோடு அதை மாதத்தில் நாலு தடவை செய்ய முடியுமா? இருதய வருத்தமோ, கிழமைக்குக் கிழமை போதனா வைத்தியசாலைக்குப் போகவேண்டிய நோயோ இருந்தால், பிறந்த மண் நெடுந்தீவாக இருந்தாலும் குடியிருப்பை வேலணைப் பக்கம் வைத்துக்கொள்ளுங்கள் என்றுதான் சொல்வேன். நெடுந்தீவாருக்கு இதைச் சொல்வது எனக்கு எளிதில்லை. அந்தக் கல்வேலிகளையும் குதிரைகளையும் பார்த்து வளர்ந்தவருக்கு வேலணை ஈடாகாது என்பது எனக்குத் தெரியும்.

கடதாசி விடயங்களைச் சுருக்கமாகச் சொல்கிறேன். 55 வயதைக் கடந்தவர் அந்த வயதையே தகுதியாகக் காட்டி இரட்டைக் குடியுரிமைக்கு விண்ணப்பிக்கலாம். காணி வாங்கும் எண்ணம் இருந்தால் குடியுரிமை அலுவலை முதலில் முடியுங்கள், வெளிநாட்டுக் குடியுரிமை மட்டும் உள்ளவர் காணி வாங்குவதை 2014ஆம் ஆண்டுச் சட்டம் கட்டுப்படுத்துகிறது. பரம்பரைக் காணியில் பங்காளிகள் இருந்தால் தேசவழமைப்படி அவர்களுக்கு முன்வாங்குரிமை உண்டு, மறந்துவிடாதீர்கள். கனடாவில் 18 வயதுக்குப் பிறகு 20 ஆண்டுகள் வாழ்ந்திருந்தால்தான் முதியோர் ஓய்வூதியம் நீங்கள் எங்கே இருந்தாலும் தொடர்ந்து வரும். வருமானம் குறைந்தவர்களுக்கான மேலதிகக் கொடுப்பனவோ 6 மாதத்துக்கு மேல் வெளியே நின்றால் நின்றுவிடும். ஒன்ராறியோ மருத்துவக் காப்புறுதிக்குப் பன்னிரண்டு மாதத்தில் 153 நாட்களாவது அங்கே இருக்க வேண்டும். பிரித்தானிய அரச ஓய்வூதியம் இலங்கையில் குடியிருப்பவருக்கு ஆண்டுதோறும் கூடாது, தொடங்கிய தொகையிலேயே நிற்கும்.

கடிதம் எழுதுகிறவர்கள் பெரும்பாலும் ஆண்கள். அதனால் இதையும் கேட்கிறேன்: வீட்டில் மனைவியின் எண்ணம் என்ன? முப்பது வருடம் குளிரில் வேலைக்குப் போய்வந்து, இப்போதுதான் பேரப்பிள்ளையை மடியில் வைத்திருக்கிறவர் அவர். அவருக்கு ஊர் என்றால் ஒருவேளை மறுபடியும் தண்ணீர் சுமப்பதும் வருகிறவர் போகிறவருக்குச் சமைப்பதும்தான். "நீ என்ன சொல்லுறாய்?" என்று ஒரு வார்த்தை கேட்டுவிட்டு, வருகிற பதிலைப் பொறுமையோடு கேளுங்கள். இரண்டு பேரும் மனமொத்து ஆண்டில் ஐந்து மாதம் ஊரில், மிச்சம் பிள்ளைகளோடு என்று வைத்துக்கொண்ட குடும்பங்கள் நிம்மதியாக இருப்பதைக் காண்கிறேன்.

வந்த பிறகு பகல் நீளம். நாற்பது வருடம் மணிக்கூட்டுக்கு ஓடியவருக்குத் தீவுப் பகல் முதல் மாதம் சுகம், மூன்றாம் மாதம் பாரம். கோபுரத்துக்கும் அன்னதானத்துக்கும் அள்ளிக் கொடுத்த கைகள் நம்முடையவை, அந்தக் கொடையை நான் மதிக்கிறேன். ஆனாலும் கொடுத்தவர் என்ற பெயரோடு மட்டும் ஊரில் இருந்தால் கூட்டத்தில் முன்வரிசைக் கதிரை கிடைக்கும், பின்னேரத்தில் வந்து திண்ணையில் குந்திக் கதைக்க ஆள் கிடைக்காது. பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கு மாலையில் ஆங்கிலமும் கணக்கும் சொல்லிக் கொடுங்கள். செத்தவீட்டுக்குப் போய்ப் பந்தல் தடி பிடியுங்கள். சங்கக்கடைக்கு நடந்து போங்கள். உங்கள் பெயருக்கு முன்னால் ஒட்டியிருக்கிற நாட்டின் பெயர் உதிர ஒரு வருடமாவது செல்லும்.

நயினை நாகபூசணி அம்மனுக்கு ஆனியில் கொடியேறும்போது எப்படியும் நீங்கள் வருவீர்கள். இம்முறை தீர்த்தம் முடிந்த கையோடு விமானத்துக்கு ஓடாதீர்கள். வான்களெல்லாம் திரும்பிப் போன பிறகு ஒரு சிறிய வீட்டை வாடகைக்கு எடுத்து நில்லுங்கள். சோளகம் புழுதியை வாரி முகத்தில் அடிக்கும், கிணறு கீழே போயிருக்கும், கடல் சில நாள் வழிவிடாது. ஆடிப்பிறப்பன்று அயல்வீட்டிலிருந்து கூழும் கொழுக்கட்டையும் வந்தால் வாங்கிச் சாப்பிடுங்கள், பாத்திரத்தை வெறுமையாகத் திருப்பிக் கொடுக்காதீர்கள். அதற்குப் பிறகும் இருக்க மனம் சொன்னால் மேசனைக் கூப்பிடலாம். அப்போது எங்களுக்கும் ஒரு கடிதம் போடுங்கள்.

அன்புடன்,
ஆசிரியர்