மூச்சு விடாத நுரையீரல்

1963ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதம் அமெரிக்க ஜனாதிபதி கென்னடிக்கு ஓர் ஆண் மகவு பிறந்தது. மாதம் நிறையுமுன், ஐந்தரை வாரம் முந்திப் பிறந்த அச்சிசு, இரண்டு நாளுந் தாண்டாது மூச்சுத் திணறி இறந்தது. வல்லரசொன்றின் தலைவனாலும் தன் பிள்ளைக்கு ஒருநாள் ஆயுளைக் கூட்டிக் கொடுக்க முடியவில்லை. இத்தகைய பிள்ளைகளின் காற்றறைகள் ஒட்டிச் சுருங்காது காக்கும் மெல்லிய பூச்சு, போதிய அளவு ஊறாமையே காரணமென மேரி எல்லன் ஏவரியும் ஜியர் மீட்டும் 1959இலேயே காட்டியிருந்தனர். நோயின் வேர் தெரிந்தது, மருந்து கிட்டவில்லை.

கருவில் நுரையீரல் கிளைத்து வளரும் விதத்தை நாம் பெரும்பாலும் ஆட்டிடமும் எலியிடமுமே கற்றோம். அக்கல்வியை நான் இகழேன். செம்மறிக் குட்டிகளில் லிகின்ஸ் கண்ட உண்மையைக் கொண்டே, அவரும் ஹோவியும் குறைமாதப் பிரசவத்தை எதிர்நோக்கிய தாய்மாருக்கு ஊசிமருந்து கொடுத்து, அதன் பயனை 1972இல் வெளியிட்டனர். ஆயினும் எலி எலிதான். மனிதச் சிசுவுக்குத் தாய்வயிற்றிலேயே காற்றறைகள் அரும்பத் தொடங்குகின்றன. எலிக்குஞ்சுக்கோ பிறந்த பின்னரே.

ஆகவேதான் 2015இல் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் ஜேசன் ஸ்பென்ஸ் குழுவினர் செய்த காரியத்தைப் பெரிதென மதிக்கிறேன். எவ்வுறுப்பாகவும் மாறவல்ல மனித மூலக்கலங்களுக்கு, கருவில் நிகழும் ஒழுங்கிலேயே சைகைப் பொருள்களை ஊட்டி, முதலில் முன்குடலின் நிலைக்கும் பின்பு நுரையீரலின் நிலைக்கும் அவற்றை நடத்திச் சென்றனர். கிண்ணத்திலே சிறு உருண்டைகள் திரண்டன. (மூலக்கலமென்றதும் முளையத்தை அழிப்பதோ என மனங்கூசுவோர், யமனாக்கா 2007இல் வளர்ந்த மனிதரின் தோற்கலத்தையே அந்நிலைக்கு மீட்டதை நினைவுகொள்க.)

இவ்வுருண்டைகளை ‘ஆய்வுகூடத்து நுரையீரல்’ என்று முரசறைவது தவறு. அவற்றில் இரத்தக் குழாயுமில்லை, மூச்சுமில்லை. மாற்றுறுப்புக்காகக் காத்துக் கிடக்கும் நோயாளிக்கு இதைக் காட்டி ஆசையூட்டுவது கொடுமை. சோதித்தபோது அவை வளர்ந்தோரின் நுரையீரலையன்றி, பிறவாச் சிசுவின் நுரையீரலையே ஒத்திருந்தன. இதனைக் குறையென்பார் உளர். எனக்கோ அதுவே அவற்றின் பெறுமதியெனப் படுகிறது. கென்னடியின் மகனை மாய்த்தது முதிராத நுரையீரல். அந்த முதிராமையை, தாய்க்கும் சேய்க்கும் ஊறின்றி, நாட்கணக்கில் அருகிருந்து நோக்க வேறெந்த வாசல் நமக்குத் திறந்திருக்கிறது?